காப்பகத்தை ஊருக்கு வெளியே தள்ளாதீர்கள்: 25 மாநகராட்சிகளின் மேயர்களுக்கும் ஆணையர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மேயர்களே, ஆணையர்களே,

பேருந்து நிலையத்தை ஒட்டியிருக்கும் வீடற்றோர் காப்பகத்தை மூடிவிட்டு, அங்கே தங்கியிருப்பவர்களை ஊர் எல்லையில் உரக்கிடங்குச் சாலையிலுள்ள பழைய கட்டடம் ஒன்றுக்கு மாற்றுவதென்று உங்களில் ஒருவருடைய மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. காப்பகம் இருக்கும் இடத்தில் வணிக வளாகமும் வாகன நிறுத்துமிடமும் வரப்போகின்றன. செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக இதைப் படித்தேன். எந்த மாநகராட்சி என்று நான் எழுதப்போவதில்லை. பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற 24 ஊர்க்காரர்களும் இது தங்களுக்கு வந்த மடல் இல்லையென்று ஒதுக்கிவைத்துவிடுவீர்கள். உங்கள் ஊர்க் காப்பகம் எங்கே இருக்கிறது, அதன் வாசலில் பலகை இருக்கிறதா, இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு குடும்பம் வந்து நின்றால் கதவு திறக்குமா என்று ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். அதன் பிறகு இந்த மடலைத் தொடர்ந்து படியுங்கள்.

நான் அந்தக் காப்பகத்தில் மாதக்கணக்கில் தங்கியவள். இன்று ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு இருக்கிறேன் என்றால், அந்தக் காப்பகமும் அது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்ததும்தான் காரணம். தீர்மானத்தில் இரண்டு நியாயங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. படுக்கைகளில் பாதி காலியாகக் கிடக்கின்றன என்பது ஒன்று. புதிய இடம் விசாலமானது, காற்றோட்டமானது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் ஒருவர்கூட அங்கே படுத்து எழுந்தவர் இல்லை.

என் கணவர் கொத்தனார். சாரம் சரிந்து விழுந்ததில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்கு ஒரு பைசா கேட்கவில்லை. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் படுக்கையில் இருப்பவருக்குக் கூலி கிடையாது. நான் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலையில் இருந்தேன். வார்டுக்கும் மெஸ்ஸுக்கும் அலைந்துகொண்டிருந்தபோது அந்த வேலையும் கைவிட்டுப் போனது. வாடகை பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொண்டே வந்தார் வீட்டுக்காரர். அட்வான்ஸ் தீர்ந்த மாதம், நான் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரத்தில், சாமான்களை எடுத்து வாசலில் வைத்துவிட்டுப் பூட்டுப் போட்டுவிட்டார். வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற வேண்டுமென்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தப் பத்திரம் எதுவுமில்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் அன்று மாலை ஆறு மணிக்கு எந்த நீதிமன்றம் திறந்திருக்கும்?

என்னோடு என் அத்தை, எழுபதைத் தாண்டியவர். மகன் ஒன்பதாம் வகுப்பு. சொந்தக்காரர் வீட்டில் சில நாள் இருந்தோம். அவர்களுக்கும் ஒற்றை அறைதான். அங்கே எத்தனை நாள் இருக்க முடியும் என்பது, அப்படி இருந்தவர்களுக்குத் தெரியும். பிறகு பேருந்து நிலையம்.

பகலில் பேருந்து நிலையத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. இரவு பதினொன்றுக்கு மேல் காவலாளி வந்து டிக்கெட் கேட்பார். டிக்கெட் இருந்தால் பயணி, இல்லாவிட்டால் வெளியே போக வேண்டியவர். கட்டணமில்லாப் பயணம் இருந்ததால், அத்தையைக் கூட்டிக்கொண்டு நகரப் பேருந்தில் ஏறி, கடைசி நடை முடியும்வரை உட்கார்ந்தே போய்வருவேன். அவருக்கு முதுகு சாய்க்க ஓர் இருக்கை கிடைக்குமே என்றுதான். பையன் அவன் அப்பாவுக்குத் துணையாள் என்ற பெயரில் ஆண்கள் வார்டில் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்வான். துணையாளுக்கு அனுமதியில்லை என்று சொல்லிவிடும் இரவுகளில் மூவரும் கடை வாசலில். கட்டணக் கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டும் என்பதால் அத்தை மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். சர்க்கரை வியாதிக்காரர் அவர். நான் தூங்கியதில்லை. தனியாக ஒரு பெண் தூங்கினால் என்ன நடக்கும் என்பதை அந்தப் பேருந்து நிலையத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் பசியால் யாரும் சாகமாட்டார்கள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அதில் பெரும் உண்மை இருக்கிறது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து அட்டை இருந்தால் மாநிலத்தின் எந்தக் கடையிலும் வாங்கலாம். அம்மா உணவகம் 2013-ல் வந்தது: இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. கோயில்களில் 2002 முதல் அன்னதானத் திட்டம் நடக்கிறது. பத்தாம் வகுப்புவரை பள்ளியில் சத்துணவு. இவை இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் வீடில்லாதவருக்கு ரேஷன் அரிசியால் என்ன பயன்? அதைப் பொங்க அடுப்பும் பானையும் இடமும் வேண்டும். வாங்கிய அரிசியை நான் ஒரு மளிகைக் கடையில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு இட்லி வாங்கினேன். கோயிலில் மதியம் சாப்பாடு உண்டு. எங்கள் பக்கத்து அம்மா உணவகத்தில் காலையும் மதியமும் உண்டு. இரவுக்கு எதுவுமில்லை. வேளை தவறாமல் மதியம் சாப்பிட்டவன் என் மகன் ஒருவன்தான், அதுவும் பள்ளி இருந்த நாட்களில். சனி, ஞாயிறு வந்தால் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது.

இப்போது காலிப் படுக்கைகளுக்கு வருகிறேன்.

நாங்கள் படுத்திருந்த கடை வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தக் காப்பகம் இருந்தது. எங்களுக்குத் தெரியாது. பேருந்து நிலைய விசாரணை அலுவலகத்தில், தங்க ஏதாவது இடம் இருக்கிறதா என்று கேட்டேன். லாட்ஜ் எங்கே என்று வழி சொன்னார்கள். எங்களை எழுப்பிவிட்ட காவலரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. மருத்துவமனையில் கேட்டேன். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். வார்டு அலுவலகத்தில் கேட்டபோது மண்டல அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், மண்டலத்தில் முகவரிச் சான்று கேட்டார்கள். வீடில்லை என்று சொல்ல வந்தவளிடம் வீட்டு முகவரியைக் கேட்டால் நான் எதைக் காட்டுவது? கடைசியில் வழி காட்டியவர் நிலைய வாசலில் பூக் கட்டி விற்கும் ஓர் அக்கா. அவருடைய தங்கை ஒரு காலத்தில் அங்கே தங்கியிருந்தாராம்.

காப்பகம் ஒரு பழைய மாநகராட்சிக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே வாசலில் சுகாதாரப் பிரிவின் பெயர்ப் பலகை மட்டும்தான். உள்ளே ஏறிப் போனால் படிக்கட்டின் முடிவில், ஒரு கதவில், தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். தெருவிலிருந்து பார்க்கிற யாருக்கும் அங்கே ஒரு காப்பகம் இருப்பது தெரிய வழியில்லை. அதே தெருவில், அதே இரவில், கடை வாசல்களில் வரிசையாக ஆட்கள் படுத்திருந்தார்கள். மாடியில் படுக்கை காலியாக இருந்தது. தேவை இல்லாததால் காலியாக இருக்கிறது என்று உங்கள் அதிகாரிகள் எழுதியிருப்பது தவறு. யாருக்கும் சொல்லாததால் காலியாக இருக்கிறது. ஒரு பலகையும் ஓர் அம்புக்குறியும் வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள், பிறகு மூடுவதைப் பற்றிப் பேசலாம்.

காலியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதுதான் என் மடலின் முக்கியமான விஷயம். அது பெண்கள் காப்பகம். என்னையும் அத்தையையும் உள்ளே வரச் சொன்னார்கள். பையனுக்குப் பதினான்கு வயது, ஆண்பிள்ளை, அனுமதியில்லை. ஆண்கள் காப்பகம் ஊரின் மறுகோடியில். அங்கே பதினெட்டு வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை. அப்படியென்றால் பையன்? குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி இல்லத்தில் சேர்க்கலாம் என்றார்கள். பெற்ற தாயும் தந்தையும் பாட்டியும் இருக்கிற பிள்ளையை, வாடகை கொடுக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இல்லத்தில் விட வேண்டுமா? நான் மறுத்தேன். அன்றிரவு மூவரும் மீண்டும் கடை வாசலுக்கே வந்தோம். கணவர் மருத்துவமனையிலிருந்து வந்தால் அவர் ஓரிடம், நாங்கள் ஓரிடம், பிள்ளை ஓரிடம். உங்கள் விதிப்படி நாங்கள் உதவி பெற வேண்டுமானால் முதலில் குடும்பமாக இருப்பதை விட வேண்டும்.

நடைபாதையில் வாழ்கிற குடும்பங்களிடம் கேட்டுப் பாருங்கள். சென்னையில் பாரிமுனை, யானைக்கவுனி, வால்டாக்ஸ் சாலைப் பக்கங்களில் மூன்று தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே பிறந்து வளர்ந்து மணம் முடித்த குடும்பங்கள் இருக்கின்றன. காப்பகத்துக்குப் போகச் சொன்னால் அவர்கள் போவதில்லை என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்கிறார்கள். புருஷனையும் பிள்ளையையும் தெருவில் விட்டுவிட்டு எந்தப் பெண் போய்ப் படுப்பாள்? சட்டியும் பானையும் தள்ளுவண்டியும் வைத்திருக்கிறவர்கள் அவற்றை எங்கே விடுவார்கள்?

மறுநாள் அந்தக் காப்பகத்தின் பொறுப்பாளர், தொண்டு நிறுவனத்தின் சம்பளத்தில் இருக்கும் ஓர் அம்மா, தானே எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். பையனை அலுவலக அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் படுக்கவைத்துக்கொள்கிறேன், மேலிடத்தில் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவர் மீறிய விதியால்தான் என் மகன் அந்த ஆண்டுத் தேர்வை எழுதினான். ஒரு நல்ல மனுஷி விதியை மீறினால்தான் ஒரு குடும்பம் பிழைக்கும் என்றால் அந்த விதியை நீங்கள் மாற்றியாக வேண்டும்.

உண்மையில் மேலே இருக்கும் விதி அப்படிச் சொல்லவும் இல்லை. காப்பகத்துக்கு வந்த ஒரு வழக்கறிஞர் எங்களுக்குப் படித்துக் காட்டினார். உணவு உரிமை வழக்கு என்று அறியப்படும், 2001-ல் தொடுக்கப்பட்ட வழக்கில், டெல்லியில் கடுங்குளிரில் ஒரு தற்காலிகக் காப்பகம் இடிக்கப்பட்டதை ஒட்டி, 2010-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது அங்கிருந்து வந்த அளவு. 2013-ல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வந்த காப்பகத் திட்ட வழிகாட்டுதலும் அதே அளவைத்தான் வைத்தது. ஆளுக்கு 50 சதுர அடி இடம். ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியோருக்கு, நோயிலிருந்து தேறுவோருக்கு, அதோடு குடும்பங்களுக்கென்று மறைவும் தனிமையும் உள்ள காப்பகங்கள். குடும்பக் காப்பகம் என்ற வகை காகிதத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நானே போய் வாசலில் கோலம் போட்டுவிட்டு வருகிறேன்.

கணக்கும் எளிதானதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோவை நகரில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள். அப்படியானால் நூறு பேருக்கான காப்பகங்கள் பத்து வேண்டும். விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னையில் 46 லட்சத்துக்கு மேல், 46 காப்பகங்கள். உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே போட்டு, இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒப்பீட்டில் கட்டில்களை மட்டும் எண்ணாதீர்கள். குடும்பத்தோடு படுக்க முடிகிற கட்டில்கள் எத்தனை என்று எண்ணுங்கள்.

அதே வழிகாட்டுதலில் இடத்தைப் பற்றியும் தெளிவாக இருக்கிறது. வீடற்றவர்கள் கூடுமிடத்துக்கும் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கும் கூடியவரை அருகில், அதாவது ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை, மொத்த வியாபார மண்டி போன்ற இடங்களின் பக்கத்தில் காப்பகம் அமைய வேண்டும். உரக்கிடங்குச் சாலை இதில் எந்த வகையில் சேர்த்தி?

விசாலம், காற்றோட்டம் என்கிறீர்கள். எங்களோடு தங்கியிருந்த பெண்கள் என்ன வேலை செய்தார்கள் தெரியுமா? விடிகாலை மூன்று மணிக்குப் பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப் பூ வாங்கிக் கட்டுகிறவர்கள் இருந்தார்கள். காய்கறி மண்டியில் மூட்டை பிரிக்கிறவர்கள், ஓட்டல்களில் பாத்திரம் கழுவுகிறவர்கள், கல்யாண மண்டபத்துக்குப் பரிமாறப் போகிறவர்கள் இருந்தார்கள். நானே காப்பகத்திலிருந்து நடந்துபோய்ச் சேரும் தூரத்தில் ஒரு கேட்டரிங் சமையல் கூடத்தில் வேலை தேடிக்கொண்டேன். அதிகாலை நான்கு மணிக்கு அங்கே அடுப்புப் பற்றவைப்பார்கள். உரக்கிடங்குச் சாலைக்கு முதல் பேருந்து ஐந்தரைக்கு. அந்த வேலையை நான் எப்படிச் செய்திருப்பேன்? பையனின் பள்ளி நடை தூரம். கணவரின் மருத்துவமனை இரண்டு நிறுத்தம். அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை தரும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் அடுத்த தெருவில். ஊருக்கு வெளியே எவ்வளவு நல்ல கட்டடம் கட்டிக் கொடுத்தாலும் இவை நான்கும் போய்விடும். வேலை போனால் அறை எடுக்கப் பணம் சேராது, பணம் சேராவிட்டால் காப்பகத்தை விட்டு வெளியேற முடியாது. அப்போது அங்கே போகிறவர்கள் சில நாளில் பழைய கடை வாசலுக்கே திரும்பி வருவார்கள். அவர்கள் வரத்தான் செய்வார்கள், ஏனென்றால் அவர்களின் பிழைப்பு இங்கே இருக்கிறது. அப்போது அடுத்த தீர்மானத்தில், புதிய காப்பகத்திலும் படுக்கைகள் காலி என்று எழுதுவீர்கள்.

நம் ஊர்ச் சத்திரங்கள் எங்கே இருந்தன என்று பாருங்கள். ராணி மங்கம்மாள் பெயர் தாங்கிய சத்திரம் மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழியில் சத்திரங்களைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டின் முத்தாம்பாள் சத்திரம் 1802-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்துச் சத்திரங்கள் சாதி பார்த்தன, அந்தக் கறையை நான் மறந்துவிட்டுப் பேசவில்லை. ஆனால் வழியில் நிற்பவனுக்கு வழியிலேயே இடம் வேண்டும் என்கிற அறிவு அவற்றைக் கட்டியவர்களுக்கு இருந்தது. சாதி பார்க்காமல் சோறு போட வள்ளலார் 1867-ல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை எரிகிறது. இப்படியெல்லாம் செய்து காட்டிய மண்ணில், வரி வசூலிக்கும் ஒரு மாநகராட்சியால் ஒரு மாடிக் கட்டடத்தை நகரத்துக்குள் வைத்துக்கொள்ள முடியாதா?

இன்னொரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். பெரிய மனிதர்கள் ஊருக்கு வரும் நாட்களில் இரவோடு இரவாக வண்டி வந்து நிற்கும். தெருவில் படுத்திருப்பவர்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். அதற்கு மீட்பு என்று பெயர் சொல்வார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஏறுகிறவர்களுக்கே தெரியாது. மனம் கலங்கிய ஒரு பெண் எங்கள் பக்கத்தில் படுப்பார். அவரை அப்படி ஏற்றியதை நான் பார்த்தேன், அதன்பின் அவரை நான் பார்க்கவேயில்லை. 1945-ஆம் ஆண்டின் பிச்சைத் தடுப்புச் சட்டம் இன்னும் நம் மாநிலத்தில் இருக்கிறது. இன்னொரு பக்கம், வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அப்படி வெளியே வருகிறவர்கள் எங்கே போவார்கள்? அவர்களைப் பரிவோடு வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் உள்ள காப்பகம் வேண்டும். விழாவுக்காகத் தெருவைச் சுத்தமாகக் காட்டுவதற்கும் ஒருவரைக் காப்பாற்றுவதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியாதது இல்லை.

முகவரிச் சான்று கேட்பது விதி என்கிறார்கள். தேர்தல் ஆணையம் என்ன செய்கிறது தெரியுமா? வீடற்றவர் வாக்காளராகப் பதிய விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில், அவர் சொன்ன இடத்துக்குப் போய் அங்கே உண்மையிலேயே படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அது உறுதியானால் முகவரிச் சான்று வேண்டியதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 2011 பிப்ரவரி 28-ஆம் தேதி இரவில் வீடற்றவர்களைத் தெருத் தெருவாகப் போய் எண்ணினார்கள். நாடு முழுவதும் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் என்றும், அதில் 9 லட்சத்து 38 ஆயிரம் பேர் நகரங்களில் என்றும் கணக்கு வந்தது. வாக்குக்கும் கணக்குக்கும் அரசு எங்களைத் தேடி இரவில் வர முடிகிறது. ஒரு படுக்கைக்காக நாங்கள் வந்தால் மட்டும் கதவில் நிறுத்தி ஆதாரில் உள்ள முகவரியைச் சரிபார்க்கிறார்கள்.

அந்தப் பொறுப்பாளர் அம்மா எனக்கு எழுதிக் கொடுத்த தங்கியிருப்புச் சான்றுதான் எங்கள் வாழ்க்கையை நிமிர்த்தியது. அதை வைத்துத்தான் ஆதாரில் முகவரியை மாற்றினேன், வங்கிக் கணக்கைச் சரிசெய்தேன், நின்றுபோயிருந்த மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயை மீண்டும் பெற்றேன். காப்பகம் என்றால் இரவில் கட்டையைக் கிடத்தும் இடமென்று நினைத்து அதை மாற்றித் தூக்கி வைக்கலாம் என்று தீர்மானித்துவிட்டீர்கள். எங்களுக்கு அது முகவரி, தபால் வரும் இடம், பள்ளியில் எழுதிக் கொடுக்கும் ஊர்.

அங்கிருந்து வெளியே வர எங்களைத் தடுத்தது அட்வான்ஸ்தான். மாத வாடகை கொடுக்கும் அளவுக்கு என் சம்பளம் வந்துவிட்டது. ஆனால் பார்த்த வீட்டிலெல்லாம் ஐந்து மாதம், பத்து மாதம் என்று முன்பணம் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தில் இருக்கிறதாம். மகளிர் குழுக் கடனுக்கு அந்தப் பகுதியில் நிலையான குடியிருப்பு வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புக்குப் பயனாளியின் பங்குத்தொகை கட்ட வேண்டும், அதற்கும் முதலில் ஏதாவது ஒரு கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வாடகை வீட்டிலிருந்து தெருவுக்கு வந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. நாங்கள் அந்தப் பணத்தைச் சேர்க்கும்வரை காப்பகத்திலேயே இருந்தோம். அந்த நாட்களில் எங்கள் படுக்கைகள் இன்னொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டியவை. ஒரு சிறு கைமாற்று அதைச் சாத்தியமாக்கியிருக்கும்.

இனி நான் கேட்பவை.

உரக்கிடங்குச் சாலைக்கு மாற்றும் தீர்மானத்தை அந்த மாமன்றம் அடுத்த கூட்டத்திலேயே திரும்பப் பெற வேண்டும். பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டுவதானால் கட்டுங்கள். புதிய வளாகத்தின் வரைபடத்திலேயே காப்பகத்துக்கு ஒரு தளம் ஒதுக்குங்கள். வேலை முடியும்வரை அதே வார்டுக்குள் மாற்று இடம் கொடுங்கள். இந்த ஆண்டு பேருந்து நிலையத்தையோ சந்தையையோ புதுப்பிக்கப்போகிற மற்ற மாநகராட்சிகளும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு மாநகராட்சியும் குறைந்தது ஒரு குடும்பக் காப்பகத்தைத் திறக்க வேண்டும். தடுப்புச் சுவரும் பூட்டும் உள்ள சிறு அறைகள், பொதுச் சமையலறை, சாமான் வைக்க ஓர் அறை. பெரிய கட்டடம் வேண்டியதில்லை, மாணவர் குறைந்து மூடிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளிகள் உங்கள் ஊரிலேயே இருக்கலாம். அது திறக்கும்வரை, பதினெட்டு வயதுவரை உள்ள மகனைத் தாயோடு பெண்கள் காப்பகத்தில், தனி அறையில், தங்கவைக்க எழுத்துப்பூர்வமாக உத்தரவு போடுங்கள். பொறுப்பாளர்கள் பயந்துகொண்டே நல்லது செய்யும் நிலை வேண்டாம்.

பேருந்து நிலையம், ரயில் நிலைய வாசல், அரசு மருத்துவமனை, காவல் நிலையம், அம்மா உணவகம், ரேஷன் கடை ஆகிய எல்லா இடங்களிலும் காப்பகத்தின் முகவரி, வழி, தொலைபேசி எண் உள்ள பலகையைத் தமிழிலும் இந்தியிலும் வையுங்கள். வேலை தேடி வரும் வடமாநிலத்தவரும் அதே தரையில்தான் படுக்கிறார்கள். இரவு ரோந்துக் காவலர்களிடமும் 108 ஊழியர்களிடமும் அந்த விவரம் இருக்க வேண்டும். இரவில் அந்த எண்ணை அழைத்தால் யாராவது எடுக்க வேண்டும்.

முதல் இரவுக்கு எந்தச் சான்றும் கேட்கக் கூடாது. வந்தவருக்குச் சூடான இரவுச் சாப்பாடு கொடுங்கள். சான்றுகளை மறுநாள் காப்பகமே வாங்கிக் கொடுக்கட்டும்.

காப்பகத்திலிருந்து வாடகை வீட்டுக்குப் போகும் குடும்பங்களுக்கு மூன்று மாத வாடகை அளவுக்கு வட்டியில்லா முன்பணக் கடனை, காப்பகத்தின் சான்றின் பேரிலேயே கொடுக்க ஒரு நிதியை வரும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்குங்கள்.

2027-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. வீடற்றோரை எண்ணும் இரவுக்கு முன்பாக, உங்கள் ஊரில் அவர்கள் எங்கெங்கே படுக்கிறார்கள் என்ற பட்டியலைத் தெருவில் வாழ்பவர்களையும் அவர்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களையும் வைத்துத் தயார்செய்து கணக்கெடுப்பாளர்களிடம் கொடுங்கள். விட்டுப்போனவர்களுக்கு அடுத்த கணக்கெடுப்புவரை காப்பகமும் இருக்காது.

காப்பக மேலாண்மைக் குழுவில் அங்கே தங்கியிருப்பவர்களில் இருவரையாவது உறுப்பினராக்குங்கள். இடத்தை மாற்றுவது, மூடுவது, நேரத்தைக் குறைப்பது எதுவானாலும் அவர்களைக் கேட்காமல் தீர்மானம் வரக் கூடாது.

இந்த மடலுக்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். உங்கள் மாமன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்து, உறுப்பினர்கள் முன்னிலையில், பதிவில் ஏறும்படி சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நானும் என்னோடு காப்பகத்தில் இருந்த பெண்களும் பார்வையாளர்களாக வருவோம்.

இப்படிக்கு,
ஒரு சமையல் கூடத் தொழிலாளி